காவிரியை ஒரே நோட்டில் படிப்பது எப்படி? பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி நிலப்படத்தில் கல்லணையை ஒகேனக்கலுக்கு அருகே குறித்திருந்ததைக் கண்டேன். அதே தாளில் கரிகாலனைப் பற்றியும் மத்திய மாநில உறவுகளைப் பற்றியும் அவள் எழுதியிருந்த விடைகளில் ஒரு பிழையும் இல்லை. மறுநாள் அழைத்துக் கேட்டபோது, "கல்லணையும் மேட்டூரும் ஒரே ஆத்துலயா சார் இருக்கு?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். அந்தப் பிழை என்னுடையது. கல்லணையை வரலாற்றிலும், மேட்டூரைப் புவியியலிலும், நடுவர் மன்றத்தைக் குடிமையியலிலும், நெல் கொள்முதலைப் பொருளியலிலும் தனித்தனியாக நடத்தி, ஓர் ஆற்றை நான்கு துண்டாக நறுக்கிக் கொடுத்தவன் நான்தான்.

அதன் பிறகு நான் கையாண்டுவரும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். காவிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் நீர் போகும் வழியிலேயே நான்கு பிரிவுகளையும் ஒரே நோட்டில் எழுதிப் படிப்பதுதான் முறை. நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பாடநூலை விரித்து வைத்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. பாடநூலுக்கு மாற்றாக இதை எண்ண வேண்டாம்.

தேவையானவை

கோடு போடாத நீள நோட்டு ஒன்று, பள்ளி அட்லஸ், பென்சில், நீலம், பச்சை, சிவப்பு நிறப் பேனாக்கள் ஆகியவை போதும். கடையில் கிடைக்கும் தமிழ்நாட்டு வெளிவரை நிலப்படம் மட்டும் இதற்கு உதவாது. ஆற்றின் முதற்பாதி கர்நாடகத்தில் இருப்பதால், அட்லஸின் தென்னிந்தியப் பக்கத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து நீங்களே வெளிக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கைடு நூல்களை ஆறாம் படி வரை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். எந்தச் செய்தியையும் ஐந்து குறிப்புகளாக உடைத்துத் தருவது கைடின் வழக்கம். நாம் செய்யப்போவது உடைந்ததை ஒட்டும் வேலை.

படி 1: பெயர் எழுதாமல் ஆற்றை வரையுங்கள்

முதல் மூன்று நாட்களுக்கு ஊர்ப் பெயர் ஒன்றும் எழுத வேண்டாம். ஆற்றின் கோட்டை மட்டும் வரையுங்கள். அட்லஸைப் பார்த்து இரண்டு முறை, மூடிவைத்து ஒரு முறை என்று வரைந்தால் அதன் போக்கு கைக்கு வந்துவிடும். குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றும் ஆறு, மைசூர்ப் பீடபூமியின் குறுக்கே தென்கிழக்காக வருகிறது. சிவசமுத்திரத்தில் அருவியாக விழுந்து, தமிழ்நாட்டின் எல்லையைத் தொட்டு, ஒகேனக்கலில் மீண்டும் விழுகிறது. அங்கிருந்து தெற்கே திரும்பி மேட்டூர், பவானி, ஈரோடு என்று இறங்கி, பிறகு கிழக்கே திரும்பிக் கரூர்ப் பக்கமாகத் திருச்சியை அடைகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. இரண்டு கிளைகளுக்கும் நடுவே திருவரங்கம் தீவாக நிற்கிறது. கல்லணையைத் தாண்டியதும் ஆறு விசிறிபோல் விரிந்து பூம்புகாரருகே கடலைச் சேர்கிறது. மொத்த நீளம் சுமார் 800 கிலோமீட்டர். வடிநிலப் பரப்பு 81,155 சதுர கிலோமீட்டர்.

துணையாறுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதால்தான் அவை மறந்துபோகின்றன. ஆறு போகும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு, இடக்கைப் பக்கம் ஹாரங்கி, ஹேமாவதி, சிம்ஷா, அர்க்காவதி, வலக்கைப் பக்கம் கபினி, பவானி, நொய்யல், அமராவதி என்று வரைந்து பாருங்கள். கபினியின் தொடக்கம் கேரளத்தின் வயநாட்டில் இருப்பதை அப்போது கண்ணே காட்டிக்கொடுக்கும்; நீர்ப் பங்கீட்டில் கேரளத்துக்கு ஏன் இடம் வந்தது என்ற குடிமையியல் கேள்விக்கு விடை அந்தக் கோட்டில் இருக்கிறது.

இடங்களைக் குறிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "ஏன் இங்கே?" என்று ஒரு வரி எழுதுங்கள். மேட்டூர் அணை பாலமலைக்கும் சீதாமலைக்கும் இடையிலான இடுக்கில் கட்டப்பட்டிருக்கிறது. இரு புறமும் மலையே சுவராக நிற்பதால் நடுவே ஒரு தடுப்பு எழுப்பினால் பெரிய நீர்த்தேக்கம் கிடைத்துவிடுகிறது. கல்லணை இருப்பதோ சமவெளியில், டெல்டா தொடங்கும் வாயில். அங்கே தேக்கி வைக்க மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. வந்த நீரைப் பிரித்து அனுப்புவதுதான் அதன் பணி. தமிழில் இரண்டையும் "அணை" என்றே சொல்வதால் மாணவர்களுக்கு இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (இந்த அளவின் பொருளை மூன்றாம் படியில் பார்ப்போம்), முழு நீர்மட்டம் 120 அடி என்று எழுதிவிட்டு, கல்லணைக்கு நேரே "தேக்கம் அன்று, பிரிப்பு" என்று சிவப்பில் எழுதுங்கள். அங்கிருந்து நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. பாசனத்துக்கு வேண்டாத வெள்ளத்தைக் கொள்ளும் இடம் கொள்ளிடம் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பெயரை யாரும் மறக்க மாட்டார்கள்.

படி 2: மழைக்கும் மதகுக்கும் ஒரே நாட்காட்டி

ஒரு பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி, ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு கட்டங்கள் போடுங்கள். அவற்றின் கீழே மூன்று வரிசைகள் வேண்டும். முதல் வரிசையில் எங்கே மழை பெய்கிறது, இரண்டாவதில் மேட்டூர் மதகு திறந்திருக்கிறதா, மூன்றாவதில் வயலில் என்ன நிற்கிறது என்று நிரப்புங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று குடகிலும் வயநாட்டிலும் கொட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் டெல்டாவுக்கு அந்த மாதங்களில் கிடைக்கும் மழை சொற்பம். ஆனாலும் அதே ஜூனில் தஞ்சாவூரில் நாற்றங்கால் விடுகிறார்கள் என்றால், அது எங்கோ பெய்த மழையை நம்பித்தான். மரபாக ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. இருப்பு போதாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். அப்போது குறுவை சுருங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று டெல்டாவின் மேலேயே பெய்கிறது. சம்பாவும் தாளடியும் அதைப் பெரிதும் சார்ந்தவை. குறுவை ஜூன், ஜூலையில் தொடங்கி நூற்றுச் சொச்ச நாளில் அறுவடைக்கு வரும் குறுகிய காலப் பயிர். ஆகஸ்டில் தொடங்கித் தை மாதம் வரை நிற்கும் நீண்ட காலப் பயிர் சம்பா. குறுவை அறுத்த வயலில் இரண்டாவதாக நடுவது தாளடி.

இப்போது மூன்று வரிசைகளையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் விழுகின்றன. அந்தக் கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள். பொருளியலுக்கு வரும்போது அது தேவைப்படும்.

படி 3: ஒரு டி.எம்.சி. என்றால் என்ன என்று கணக்குப் போடுங்கள்

செய்தித்தாளில் வரும் டி.எம்.சி. என்ற சொல்லைப் பொருள் தெரியாமல் கடந்துபோகும் மாணவர்களே அதிகம். அவர்களின் பெற்றோரும் அப்படித்தான். நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி. ஆகும். லிட்டரில் சொன்னால் சுமார் 2,831 கோடி. அணையிலிருந்து "விநாடிக்கு இத்தனை கன அடி" திறப்பதாகச் சொல்வது வேகம், டி.எம்.சி. என்பது அளவு. ஒரு நாளில் 86,400 விநாடிகள் இருப்பதால், விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்தால் ஒரு டி.எம்.சி. வெளியேறும். மேட்டூர் நிறைந்திருக்கிறது, நீர்வரத்தே இல்லை, விநாடிக்கு 12,000 கன அடி திறக்கிறார்கள் என்று கொள்வோம். நாளுக்கு 1.0368 டி.எம்.சி. போகும், 93.47ஐ அதனால் வகுத்தால் தொண்ணூறு நாள் வரும். ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை விரல்விட்டு எண்ணினால் 230 நாள். மீதம் 140 நாளுக்கு நீர் எங்கிருந்து வரும்? மேலிருந்து வரும் நீர்வரத்தாலும் வடகிழக்கு மழையாலும்தான் வர வேண்டும். நடைமுறையில் திறப்பின் அளவு நாளுக்கு நாள் மாறும், அணையில் அடிமட்ட நீர் முழுவதையும் எடுக்கவும் முடியாது. எனவே இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் நிறைந்த அணை ஒன்றே டெல்டாவுக்குப் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பத்தி எந்த நூலிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு கணக்கு. நெற்பயிருக்கு அதன் காலம் முழுவதற்கும் சேர்த்து நான்கடி உயரத்துக்கு நீர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. நான்கால் பெருக்கினால் 1,74,240 கன அடி. நூறு கோடியை அதனால் வகுத்தால், ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 5,700 ஏக்கருக்கு வரும். மண்ணையும் பருவத்தையும் ரகத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். வாய்க்காலில் கசிந்துபோவதை இதில் சேர்க்கவில்லை. இந்த எண்ணை நோட்டின் முன்னட்டையில் எழுதிவைத்தால், அடுத்து வரும் தீர்ப்பின் எண்களுக்குப் பின்னால் வயல் தெரியத் தொடங்கும்.

படி 4: ஆண்டுகளோடு "அது எப்படித் தெரியும்?" என்பதையும் எழுதுங்கள்

காலக்கோட்டை அளவு வைத்து வரைய வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கொண்டால் இருபது சென்டிமீட்டரில் இரண்டாயிரம் ஆண்டு அடங்கிவிடும். அளவில்லாத காலக்கோட்டில் கரிகாலனும் ராஜராஜனும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்போல் தெரிவார்கள். அளவோடு வரைந்தால் இருவருக்கும் இடையே எட்டு ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி விழும்.

முதற்புள்ளி கல்லணை. "கரிகாலன் கல்லணையைக் கட்டினான்" என்ற வாக்கியத்தை எழுதியதும் நில்லுங்கள். அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள். கரிகாலனைப் புகழும் பட்டினப்பாலை, அவன் காடழித்து நாடாக்கியதையும் குளம் வெட்டியதையும் சொல்கிறது. அவன் காவிரிக்குக் கரையெடுத்த செய்தியைக் கூறும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதலாம் ராஜேந்திரன் காலத்தவை; கரிகாலனுக்கு எத்தனையோ தலைமுறைக்குப் பின் எழுதப்பட்டவை. இவற்றோடு மக்களின் நினைவும் மரபும் சேர்ந்துதான் அணையை அவன் பெயரில் நிறுத்தியிருக்கின்றன. இப்படி எழுதுவதால் கரிகாலனின் பெருமை குறைந்துவிடாது. சமகாலச் சான்று எது, பிற்காலச் சான்று எது என்று பிரித்தறியும் பழக்கம் இங்கே தொடங்குகிறது. வரலாற்றுப் பாடம் மாணவருக்குக் கற்றுத்தர வேண்டிய முதன்மையான திறன் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

அடுத்த பெரிய புள்ளி 19ஆம் நூற்றாண்டில் விழுகிறது. காவிரியைவிடக் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்ததால் நீர் அந்தப் பக்கமே சாய்ந்து, காவிரி மணல்மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கினார். ஆற்று மணலின் மேல் கல்லை எப்படி நிலைநிறுத்துவது என்பதற்குக் கல்லணையே அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. பிறகு கோதாவரியின் குறுக்கே தவளேஸ்வரத்தில் அவர் அணை கட்டினார். விளைச்சல் பெருகினால் நிலவரியும் பெருகும் என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனி அறிந்திருந்தது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நன்மை யாருக்கு என்ற கேள்வியை அணைக்கட்டுகளிடமும் கேட்க வேண்டும். 1902இல் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் சென்றது. 1924இல் மைசூர் அரசுக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு, கிருஷ்ணராஜசாகரும் மேட்டூரும் வளர்ந்தன. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை இந்தக் கோட்டில் சேர்க்கச் சொன்னால் மாணவர்கள் வியக்கிறார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வேதாரண்யத்தை நோக்கி நடந்தார். அந்த வழியை முதற்படியில் வரைந்த படத்தின் மேலேயே பச்சையில் போடுங்கள். விசிறியின் காம்பில் தொடங்கி அதன் தென்விளிம்பு வரை அது போவது தெரியும். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அன்றைய தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். இருந்தும் வழியிலிருந்த ஊர்கள் அவர்களுக்குச் சோறு போட்டன. "சோழ வளநாடு சோறுடைத்து" என்ற பழம்வாக்குக்கு இப்படியும் ஒரு சான்று உண்டு.

படி 5: குடிமையியலை ஒரு வழக்காகப் படியுங்கள்

குடிமையியலை வெறும் பிரிவு எண்களின் பட்டியலாகப் படிப்பவர்கள் தேர்வு முடிந்த வாரமே மறந்துவிடுகிறார்கள். ஒரு வழக்கைப் பின்தொடர்ந்து போனால், எண்கள் தேவைப்படும் இடத்தில் தாமாக வந்து நிற்கும்.

கேள்வி எளியது. மேலே இருக்கும் மாநிலம் அணை கட்டினால் கீழே இருப்பவருக்கு என்ன உரிமை? அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைத் திறந்தால், நீரும் பாசனமும் மாநிலப் பட்டியலின் 17ஆம் பதிவில் இருக்கின்றன. ஆனால் மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலின் 56ஆம் பதிவு. இரண்டும் மோதும் இடத்துக்காகவே 262ஆம் சட்டப்பிரிவு வைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய தகராறுகளைத் தீர்க்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம், நீதிமன்றங்களின் அதிகாரத்தை அதில் விலக்கவும் செய்யலாம் என்கிறது அது. அதன்படி வந்தது 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் 1990 ஜூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தரவேண்டும் என்று இடைக்கால ஆணை வந்தது. 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. அது மத்திய அரசிதழில் வெளியானது 2013இல். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதைத் திருத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது.

வகுப்பில் கூர்மையான மாணவர் யாராவது இந்த இடத்தில் கையைத் தூக்குவார்: நீதிமன்றங்களின் அதிகாரம் விலக்கப்பட்டிருந்தால் உச்ச நீதிமன்றம் எப்படி இதை விசாரித்தது? நடுவர் மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து 136ஆம் சட்டப்பிரிவின் கீழ் மேல்முறையீட்டைக் கேட்க முடியும் என்று உச்ச நீதிமன்றமே 2016இல் முடிவு செய்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இது தேவையில்லாமல் இருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டவர் பாடத்தைப் புரிந்துகொண்டார் என்பது உறுதி.

இனி எண்களைக் கூட்டிப் பாருங்கள். 2007 தீர்ப்பு ஆற்றின் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று கணித்து, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. இவற்றின் கூட்டுத்தொகை 726. சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4 என்று சேர்த்தால் 740 ஆகிறது. 2018 தீர்ப்பில் கர்நாடகத்தின் பங்கு 284.75 ஆக உயர்ந்தது, தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆகக் குறைந்தது. மீண்டும் கூட்டினால் அதே 740 வரும். இடம் மாறியது 14.75. அதில் 10 டி.எம்.சி. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டும், 4.75 டி.எம்.சி. பெங்களூரின் தேவைக்காகவும் மாற்றப்பட்டது.

பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 419 அல்லது 404.25 என்பது கர்நாடகம் திறந்துவிட வேண்டிய அளவு அன்று. எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்து தர வேண்டியது 2007 தீர்ப்பின்படி 192 டி.எம்.சி.; 2018க்குப் பின் 177.25 டி.எம்.சி. மிச்சப் பங்கு பவானி, அமராவதி போன்ற துணையாறுகளாலும் தமிழ்நாட்டு வடிநிலத்தில் பெய்யும் மழையாலும் கிடைப்பது. 192இலிருந்து 177.25ஐக் கழித்தால் அதே 14.75 வருவதை மாணவரே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஆற்றிலிருந்து சற்று விலகி ஓர் ஊருக்குப் போய்வருவோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்றுக்கு ஏரி வாரியம் என்று பெயர். நிலவுடைமையும் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டிருந்ததால் அதை இன்றைய மக்களாட்சியோடு சமமாக வைக்க முடியாது. எனினும் நீரைக் காப்பதற்கென்று உள்ளூரில் தனிக்குழு இருந்தது என்பதையும், 73ஆவது அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கென வகுத்த பதினோராவது அட்டவணையில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் இடம்பெற்றிருப்பதையும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் எழுதிவையுங்கள்.

படி 6: நெல் மூட்டையின் பின்னே போங்கள்

பொருளியலை வயலிலிருந்து ரேஷன் கடை வரை ஒரு மூட்டையின் பயணமாக எழுதலாம். அறுவடையான நெல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வருகிறது. அங்கே ஈரப்பதம் பார்க்கப்படும். வழக்கமான வரம்பு 17 சதவீதம். இரண்டாம் படியில் சிவப்பில் வட்டமிட்ட கட்டத்துக்கு இப்போது திரும்புங்கள். குறுவை நெல் களத்துக்கு வரும்போதே மழையும் வந்துவிடுவதால், நனைந்த நெல்லைச் சாலையோரம் கொட்டிக் காயவைத்துக்கொண்டு விவசாயிகள் நாள்கணக்கில் காத்திருக்கும் காட்சி டெல்டாவில் பழகிப்போன ஒன்று. வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்பதும், சில ஆண்டுகளில் மத்திய அரசு தளர்த்துவதும் இதனால்தான். பருவக்காற்று, குறைந்தபட்ச ஆதரவு விலை, மத்திய மாநில உறவு ஆகிய மூன்று பாடங்களும் அந்தச் சாலையோரக் குவியலில் சந்திக்கின்றன.

கொள்முதல் செய்யும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் தொடங்கப்பட்டது. இந்திய உணவுக் கழகம் 1965இல் அமைந்தபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. ஆதரவு விலை எதற்கு, தாங்கியிருப்பு எதற்கு, பொது விநியோக முறை எதற்கு என்ற மூன்று வரையறைகளையும் தனித்தனியே படிப்பதற்குப் பதிலாக, "விவசாயிக்கு விலை, கிடங்கில் இருப்பு, வீட்டில் அரிசி" என்று ஒரே அம்புக்குறியில் எழுதுங்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்ததையும், தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாக் குடும்பங்களுக்குமானது என்பதையும் அம்பின் முனையில் சேருங்கள். 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று என்பதால், பசுமைப் புரட்சிப் பாடத்துக்கும் இங்கேயே கதவு திறக்கிறது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தை இறுதியில் எழுதுங்கள்.

வீட்டில் யாராவது நெல் போட்டவர்கள் இருந்தால் கேட்டு ஒரு பக்கம் எழுதுவது நல்லது. "போன தடவை எத்தனை மூட்டை தாத்தா? பணம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டால் போதும், மீதியை அவரே சொல்லிவிடுவார். நகரத்துப் பிள்ளைகள் ரேஷன் கடைப் பலகையில் எழுதியிருக்கும் இருப்பு விவரத்தைப் பார்த்து எழுதலாம்.

படி 7: விடை எழுதும் பயிற்சி

இப்போது கைடையும் பழைய வினாத்தாள்களையும் எடுங்கள். "மேட்டூர் அணையைப் பற்றிக் குறிப்பு வரைக" என்ற வினாவுக்குப் பெரும்பாலோர் "மேட்டூர் அணை தமிழ்நாட்டின் முக்கியமான அணைகளுள் ஒன்றாகும்" என்று தொடங்குகிறார்கள். இந்த வரிக்கு மதிப்பெண் கொடுக்க என் பேனா எழுவதில்லை. அணையின் பெயரை மாற்றினால் வைகைக்கும் அது பொருந்தும். கீழ்க்காணும் தொடக்கத்தோடு ஒப்பிடுங்கள்:

"காவிரி மலைப்பகுதியை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில், பாலமலைக்கும் சீதாமலைக்கும் இடையே, 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கவல்லது. குடகில் தென்மேற்குப் பருவத்தில் பெய்யும் மழையைத் தேக்கி வைத்து, அக்காலத்தில் மழை குறைந்த டெல்டாவின் குறுவைப் பயிருக்கு வழங்குவது இதன் முதன்மைப் பணி. இங்கு நீர்மின்சாரமும் உற்பத்தி செய்யப்படுகிறது."

மூன்றே வாக்கியங்களில் இடம், ஆண்டு, அளவு, காரணம், பயன் ஆகிய ஐந்தும் வந்துவிட்டன. உங்கள் விடையை எழுதி முடித்ததும் இந்த ஐந்தில் எது விடுபட்டது என்று பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலும் விடுபடுவது காரணமாகத்தான் இருக்கும்.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டாம். பாடநூலின் பின்பக்கக் கேள்விகளை இரண்டு முறை போட்டால் போதும். நிலப்படத்துக்கு மட்டும் நாள்தோறும் ஐந்து நிமிடம் கொடுங்கள். தமிழ்நாட்டு வெளிவரைப் படத்தில் முதலில் காவிரியை வரைந்துவிட்டால், மேட்டூர், பவானி, திருச்சி, தஞ்சாவூர், பூம்புகார், வேதாரண்யம் ஆகியவை அதன் வழியே தாமாகவே இடம் பிடிக்கும். தேர்வறையிலும் பென்சிலால் மெல்லிய கோடாக ஆற்றைப் போட்டுக்கொண்டு, குறித்து முடித்ததும் அழித்துவிடலாம்.

இதே முறையைத் தென்மாவட்ட மாணவர்கள் வைகையைக் கொண்டு செய்யலாம். அங்கே முதற்பக்கத்தில் வரைய வேண்டியது வைகையை அன்று. கேரளத்தில் மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றை. 1886ஆம் ஆண்டின் 999 ஆண்டுக் குத்தகையும், 1895இல் பென்னிகுவிக் முடித்த முல்லைப்பெரியாறு அணையும், மலையைக் குடைந்து நீரைக் கிழக்கே திருப்பிய சுரங்கமும் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.